வீட்டுக் கவலையோடு வேலைக்கு வருபவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

பணியாளர்களின் சொந்தப் பிரச்சினைகளில் மேலாளர் எந்த அளவுக்குத் தலையிடலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். மணலி, எண்ணூர், ராயபுரம், மாதவரம் எனப் பெரும்பாலும் வட சென்னையிலிருந்தே கடிதங்கள் வந்தன. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களையும் நிறுவனங்களையும் நீக்கிவிட்டு, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். பதில் அளிப்பவர் வட சென்னைத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் நல அலுவலராகப் பணியாற்றியவர்.

கேள்வி: நான் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் பொறுப்பாளர். என்னிடம் ஃபோர்க்லிப்ட் ஓட்டுபவர் பல ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்தவர். சில மாதங்களாகத் தாமதமாக வருகிறார். இரவு ஷிப்டில் கண் சொருகுகிறது. சென்ற வாரம் சரக்கைச் சரித்துவிட்டார். கேட்டால், "ஒண்ணும் இல்ல சார்" என்கிறார். அவருடைய தாயாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்பது மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெமோ கொடுப்பதா, கண்டும் காணாமல் விடுவதா?
– மணலி

பதில்: மெமோவைப் பற்றிப் பிறகு பேசலாம். இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: அவரை இரவு ஷிப்டில் ஃபோர்க்லிப்டில் உட்கார வைக்காதீர்கள். பின்னிரவு 3 மணியிலிருந்து 5 மணி வரை, பகலில் நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கே கண் கனக்கும். பகல் முழுவதும் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த ஒருவர் அந்த நேரத்தில் சுமையைத் தூக்கிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தால், அவர் உயிருக்கும் ஆபத்து, அந்தப் பக்கமாக நடந்து வருபவர் உயிருக்கும் ஆபத்து. பகலில் சரக்கு எண்ணிக்கை சரிபார்ப்பது போன்ற வேலையைக் கொடுங்கள். சம்பளம் குறையாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொண்டு, அடுத்த முறை எதையும் சொல்லத் தயங்குவார்.

இனி, அவரிடம் பேசுவது. யார்டில் நின்றபடியோ, நான்கு பேர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் அலுவலக மேசையிலோ பேசாதீர்கள். ஷிப்ட் தொடங்குவதற்கு முன், தனியாக, இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டதை எடுக்காமல், நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "கொஞ்ச நாளா நேரத்துக்கு வர முடியல, நைட்ல கண்ணு சொருகுது, நானே பார்த்தேன். என்ன காரணம்னு நீங்க சொல்லியே ஆகணும்னு இல்ல. வேலையில எதை மாத்தினா உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும் வரை பொறுமையாக இருங்கள். எழுதி அனுப்பியிருக்கும் மேலாளர்கள் பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். காரணம் முழுவதும் தெரிந்தால்தான் உதவ முடியும் என்று நினைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார்கள். அவருடைய துயரத்தைத் தீர்த்துவைப்பது உங்கள் பொறுப்பில் இல்லை. அவருடைய நேரம், ஷிப்ட், விடுப்பு, சம்பளம் ஆகியவை உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்ய அவருடைய வீட்டுக்குள் நீங்கள் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை.

தாயாரின் டயாலிசிஸைப் பற்றி அவரே சொன்னால், அடுத்த கேள்வி எந்தெந்தக் கிழமைகளில் என்பதாக இருக்கட்டும். பொதுவாக வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரத்தோடு இணைத்துவைப்பார்கள். ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனை என்றால் காத்திருக்கும் நேரம் தனி. முடிந்ததும் தளர்ந்துபோயிருக்கும் ஒரு முதியவரை, டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் சாலைகளைக் கடந்து ஆட்டோவில் மணலி வரை அழைத்துவர வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒரு முழுப் பகல் போய்விடும். ஆனால் இந்தச் சிகிச்சை கிழமை தவறாமல் நடப்பது. ஆகவே திட்டமிட முடியும். அந்த நாட்களுக்கு முந்தைய இரவில் அவருக்கு ஷிப்ட் வராதபடி இரண்டு மாதத்துக்கு அட்டவணையை எழுதி ஒட்டுங்கள். இரண்டு மாதம் கழித்து எந்தத் தேதியில் மறுபடியும் உட்கார்ந்து பேசப்போகிறீர்கள் என்பதையும் அன்றைக்கே குறித்துவிடுங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கலாம்" என்று விட்டால், ஒவ்வொரு வாரமும் அவர் உங்கள் முன் வந்து கெஞ்ச வேண்டியிருக்கும்.

அவர் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை உள்ளவரா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அந்தத் திட்டம் பொருந்தும். வருமான வரம்புக்கு உட்பட்டு, அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு. அயனாவரத்தில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் போகிறது, ஆனால் அம்மாவின் பெயரைக் குடும்பப் பட்டியலில் சேர்க்கவே இல்லை என்ற நிலையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கான்ட்ராக்ட் தொழிலாளி என்றாலும் இந்தப் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு உண்டு என்பதை உங்கள் மனிதவளப் பிரிவுக்கு நினைவூட்டுங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கிலிருந்தும் குடும்பத்தினரின் மருத்துவச் செலவுக்கு முன்பணம் எடுக்கலாம். அந்த விண்ணப்பத்தை அவரோடு உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பது, ஆறுதல் வார்த்தைகளைவிடப் பெரிய உதவி.

இத்தனைக்குப் பிறகும் அவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், அப்போது எழுத்து மூலம் கேளுங்கள். இத்தனை ஏற்பாட்டுக்கு முன் கொடுக்கும் மெமோவை நான் ஏற்கமாட்டேன். வட சென்னைத் தொழிலாளி முதலாளியிடம் நேரத்தைக் கேட்பது புதிதன்று. 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் ஒன்றுதிரண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, அரைகுறையாக உண்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது என்பது அவர்களுடைய முக்கியமான குறைகளில் ஒன்றாக இருந்தது. காசு கொடுக்க முடியாத மேலாளர்கூட நேரத்தை மாற்றிக் கொடுக்க முடியும்.

கேள்வி: சிறிய வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். என் தொழிலாளி ஒருவர் தண்டலுக்குக் கடன் வாங்கியிருக்கிறார். சம்பள நாளன்று தண்டல்காரர் பட்டறை வாசலிலேயே வந்து நிற்கிறார். இது தவிர மொபைல் ஆப் கடன் வேறு. அவர்கள் எனக்கே போன் செய்கிறார்கள். அட்வான்ஸ் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
– கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது, அதற்கு வழி, எல்லோருக்கும் பொதுவான ஒரு விதியை இப்போதே வைத்துவிடுவது. ஓராண்டு வேலை பார்த்த எவரும் ஒரு மாதச் சம்பளம் வரை வட்டியில்லாமல் முன்பணம் பெறலாம், 10 மாதத்தில் பிடித்துக்கொள்ளப்படும், அது முடியும் வரை அடுத்தது இல்லை என்று எழுதி வையுங்கள். விதி இருக்கும்போது கேட்பவருக்கும் கூச்சம் இல்லை, மறுக்கும்போது உங்களுக்கும் சங்கடம் இல்லை. சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆனால் பாதியைப் பிடித்தாலே அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பத்தில் ஒரு பங்கு போதும்.

தண்டல் எப்படி ஒரு மனிதரை அழுத்துகிறது என்பதைக் கணக்காகவே பாருங்கள். 10,000 ரூபாய்த் தண்டல் என்று சொல்லி 8,500 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருவதால், ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரு வாரம் உடம்புக்கு முடியாமல் வேலைக்கு வராவிட்டால், இதை அடைக்க இன்னொரு தண்டல் வாங்குவார். நீங்கள் கொடுக்கும் முன்பணம் இந்தச் சங்கிலியை ஓரிடத்தில் அறுக்க வேண்டும் என்பதால், எந்தக் கடனை முதலில் முடிப்பது என்று அவரோடு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விவரம் சொல்ல அவர் விரும்பாவிட்டால், அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

வாசலில் நிற்பவரை நீங்கள் தாராளமாகத் தடுக்கலாம். பட்டறை உங்கள் இடம். சம்பளத்தைப் பணமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்கில் செலுத்தினால், அவர் அங்கே நிற்பதற்கே காரணம் இருக்காது. மிரட்டல் இருந்தால், தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், ஆனால் கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவாக இருக்க வேண்டும். அந்தத் தெருவில் குடியிருப்பவர் அவர்தான். ஆப் கடன்காரர்கள் போன் செய்தால், "அவர் கடனைப் பற்றி என்னிடம் பேச உங்களுக்கு உரிமை இல்லை" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். கடனை வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது என்றும், அவருடைய குடும்பத்தினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022-இல் சொல்லியிருக்கிறது.

கேள்வி: ஊழியர் ஒருவரின் குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டு நிதி திரட்டலாமா?
– பெரம்பூர்

பதில்: அவரைக் கேட்காமல் போடவே கூடாது. அவர் சம்மதித்தால், என்ன எழுதப்போகிறீர்கள் என்பதை அவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். குழந்தையின் படமோ மருத்துவ அறிக்கையோ வேண்டாம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பட்டியல் போடாதீர்கள்.

கேள்வி: எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் தளப் பொறுப்பாளராக இருக்கிறேன். விற்பனைப் பிரிவில் இருக்கும் தங்கை ஒருத்தி கையில் காயத்தோடு வருகிறாள். வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கை போடுகிறாள். அவள் கணவர் கடைக்கே போன் செய்து, எத்தனை மணிக்குக் கிளம்பினாள் என்று விசாரிக்கிறார். நான் ஒரு பெண் என்பதால் என்னிடம் சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை.
– ராயபுரம்

பதில்: கணவருக்குத் தகவல் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். யார் கேட்டாலும், எந்த ஊழியரின் வருகை நேரத்தையும் கடை தொலைபேசியில் சொல்வதில்லை என்பதை எல்லோருக்கும் பொதுவான விதியாக்குங்கள். அப்போது அவள் ஒருத்தியைக் காப்பதற்காகச் செய்ததாக வெளியே தெரியாது. தெரிந்தால் அந்தக் கோபமும் வீட்டில் அவள் மேல்தான் இறங்கும்.

ஒரு முறை, ஒரே ஒரு முறை, ஸ்டாக் அறை போன்ற தனி இடத்தில் கேளுங்கள். "வீட்டுல பத்திரமா இருக்கியாம்மா? சொல்லணும்னு தோணும்போது சொல்லு, யார்கிட்டயும் போகாது" என்பது போதும். அவள் மறுத்தால் விட்டுவிடுங்கள். ஆனால் பெண்களுக்கான 181 உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது என்பதை ஊழியர்கள் உடை மாற்றும் அறையிலும் கழிப்பறைக் கதவின் உட்பக்கத்திலும் ஒட்டிவையுங்கள். யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள அவளுக்கு வழி வேண்டும்.

அவள் மனம் திறந்தால், "பொறுத்துப் போம்மா, புள்ளைங்க இருக்கு" என்றும் சொல்லாதீர்கள், "விட்டுட்டு வந்துடு" என்றும் சொல்லாதீர்கள். வன்முறை செய்யும் கணவரைப் பிரிந்து வரும் நாட்களே பல பெண்களுக்கு மிக ஆபத்தான நாட்கள். எப்போது, எங்கே போவது என்பதை அவள்தான் முடிவு செய்ய முடியும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவள் குடியிருக்கும் வீட்டிலேயே தொடர்ந்து இருக்கும் உரிமையையும், கணவரைத் தன்னிடம் நெருங்கவிடாமல் தடுக்கும் உத்தரவையும் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். நீங்கள் செய்யக் கூடியது, அங்கே போய்வர அவளுக்குச் சம்பளத்தோடு அரை நாள் கொடுப்பது, வருகைப் பதிவேட்டில் அதைக் கடை வேலையாகக் குறிப்பது, சம்பளம் அவள் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்குப் போகிறதா என்று கேட்டுப் பார்ப்பது. அந்தக் கணக்கு அவளுக்கு இருக்கும் ஒரே வாசலாக இருக்கலாம்.

கேள்வி: ஒருவருக்கு மட்டும் ஷிப்டை மாற்றிக் கொடுத்தால் மற்றவர்கள் "அவருக்கு மட்டும் சலுகையா" என்று முகம் சுளிக்கிறார்கள். காரணத்தைச் சொல்லவும் முடியவில்லை.
– மாதவரம், கிடங்கு மேலாளர்

பதில்: காரணத்தைச் சொல்ல வேண்டாம். "காரணம் எனக்குத் தெரியும். நாளைக்கு உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் இதே ஏற்பாட்டைச் செய்வேன், அதையும் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சொல்லுங்கள். கேட்பவருக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆனால் தன் வீட்டு விஷயமும் இவரிடம் பத்திரமாக இருக்கும் என்று அவர் மனத்தில் பதியும்.

முகச்சுளிப்புக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் வேலைச் சுமை. அவர் விட்ட இரவு ஷிப்டை யார் பார்க்கிறார்? ஒரே ஆளின் தலையில் விழுகிறது என்றால் அவருடைய கோபம் நியாயமானது. முறை வைத்துப் பிரித்துக் கொடுங்கள், கூடுதல் நேரத்துக்கு உரிய ஓ.டி. பணத்தைத் தாமதமில்லாமல் கொடுங்கள், ஏற்பாடு எந்த மாதம் வரை என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒருவருடைய கஷ்டத்துக்கு நிறுவனம் தர வேண்டிய விலையைப் பக்கத்தில் இருக்கும் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது.

கேள்வி: என் குழுவில் ஓர் இளைஞர், தம்பியின் மறைவுக்குப் பிறகு மிகவும் ஒடுங்கிவிட்டார். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று இரண்டு முறை சொன்னார். தன் டூல் பெட்டியை ஜூனியருக்குக் கொடுத்துவிட்டார். நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே உண்டாக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
– எண்ணூர்

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டோம், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது. "உயிரை மாய்ச்சுக்கணும்னு நினைக்கிறியா தம்பி?" என்று அமைதியாக, தெளிவாகக் கேளுங்கள். உள்ளே புழுங்கிக்கொண்டிருப்பவருக்கு, ஒருவராவது கேட்டாரே என்று பெரும்பாலும் பாரம் இறங்கும். பிரியமாக வைத்திருந்த பொருளைக் கொடுத்துவிடுவது கவனிக்க வேண்டிய அறிகுறி. நீங்கள் அதைக் கவனித்தது நல்லது.

ஆம் என்று சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள், கழிப்பறை வரைக்கும்கூட ஒருவர் துணைக்குப் போகட்டும். வீட்டில் அவர் நம்பும் ஒருவரை, அவரையே கேட்டு, வரவழையுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. அவசரம் என்றால் ஸ்டான்லி அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே மனநலப் பிரிவும் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும் போகலாம். கூட நீங்களே போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து யாரும் மறைக்க வேண்டாம்: தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

அவர் சிகிச்சைக்குப் பின் திரும்பி வரும் நாள் இன்னும் முக்கியமானது. எல்லோரும் ஒன்றும் நடக்காததுபோல ஒதுங்கி நிற்பார்கள், அல்லது குசுகுசுப்பார்கள். நீங்கள் போய், "வந்துட்டியா, நல்லது. இந்த வாரம் அரை நாள் மட்டும் பாரு, மருந்து சாப்பிடற நேரம் எனக்குத் தெரியணும்னு இல்ல, ஆனா போக வேண்டிய நாளைச் சொல்லு, லீவு போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டு அவருடைய டூல் பெட்டியை ஜூனியரிடமிருந்து வாங்கி அவரிடம் கொடுங்கள்.

கேள்வி: இது தொழிலாளியின் பக்கத்திலிருந்து. குடியை விடச் சிகிச்சையில் சேர முடிவு செய்திருக்கிறேன். மேனேஜரிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். சொல்லாமல் லீவு எடுத்தாலும் பயம்.
– வியாசர்பாடி

பதில்: முடிவு எடுத்ததற்கு வாழ்த்துகிறேன். திடீரென்று நீங்களாகவே குடியை நிறுத்திவிட்டுச் சிகிச்சைக்குக் காத்திருக்காதீர்கள். நெடுநாள் குடித்தவருக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம், மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு.

மேனேஜரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டியிருக்கிறது, இந்தத் தேதியிலிருந்து இத்தனை நாள், திரும்பி வரும்போது மருத்துவர் சான்றிதழ் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. உறுப்பினர் என்றால், தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும், அதற்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும் என்பதால், வேறு எங்கேயும் சேர்வதற்கு முன் உங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்ப் பேசிவிடுங்கள். உங்கள் வேலை உயரத்திலோ, ஓடும் இயந்திரத்திலோ, வண்டி ஓட்டுவதிலோ என்றால் மட்டும், திரும்பி வந்த முதல் சில வாரங்களுக்குத் தரையில் செய்யும் வேலை வேண்டும் என்று கேளுங்கள். மாத்திரையினால் மந்தமாக இருக்கும் என்று மருத்துவரிடமே ஒரு வரி எழுதி வாங்கினால், குடியைப் பற்றிய பேச்சே எழாமல் அதைக் கேட்டுவிடலாம். சம்பளம் வரும் கணக்கின் ஏ.டி.எம். அட்டையை முதல் சில மாதம் மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவைக்க முடியுமா என்றும் யோசித்துப் பாருங்கள்.